நல்லதண்ணி அண்ணை மால்ட்டாவுக்குப் போன கதை

கடற்கரைக்குப் போய்க் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான் பிறந்தார். ஆக்லாந்தின் தெற்கே, மங்கரேயில், அவரோடு ஒரே வீட்டில், ஒரே குசினியில், ஒரே தேங்காய் திருவலையைப் பங்குபோட்டு வாழ்கிற பாக்கியம் எனக்குக் கிடைத்தது.

காரை நிறுத்துவோம். நாங்கள் இறங்கிக் கடலைப் பார்த்து, "ஆகா, என்ன நீலம்" என்போம். அவர் அரைவட்டம் திரும்பி, கார்கள் நிற்கிற பக்கம், புல்தரை, கழிப்பறைச் சுவர், ஐஸ்கிறீம் வண்டி என்று கண்ணால் துழாவுவார். ஒன்றும் அகப்படாவிட்டால் வழியில் போகிற யாராவது வெள்ளைக்காரரை மறிப்பார்.

"எக்ஸ்கியூஸ் மீ சேர், நல்லதண்ணி எங்கை?"

முதல் பாதி ஆங்கிலம். முக்கியமான பாதி தமிழ். அந்த வெள்ளைக்காரர் கடலைக் கையால் காட்டிவிட்டுப் போவார். எவ்வளவு பெரிய தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்த மனிதர் தண்ணீர் தேடுகிறார் என்ற அனுதாபம் அவர் முகத்தில் இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் நல்லதண்ணி என்றால் உப்பில்லாத தண்ணீர். சில கிணறு உவர், சில கிணறு நல்லதண்ணி. காணி வாங்கினாலும் சரி, பெண் கொடுத்தாலும் சரி, முதல் விசாரணை அதைப் பற்றித்தான். கடலில் குளித்தால், உடம்பில் உப்புக் காய்வதற்கு முன் தலையில் நல்லதண்ணி வார்க்கவேண்டும் என்பது அண்ணையின் சமயம். முருகன், பிள்ளையார் எல்லாம் அதற்குப் பிறகுதான். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் சம்பளக் கடித உறைக்குள் பத்திரமாக இருந்தது. வெளியே அவர் நல்லதண்ணி அண்ணை.

விமான நிலையச் சரக்குக் கொட்டகையில் பெட்டி ஏற்றி இறக்குகிற வேலை அவருக்கு. பல்கலைக்கழகத்துக்குப் படிக்க வந்து, குளிருக்கு ஒரு மேல்சட்டையும் இல்லாமல் நின்ற என்னை அதே கொட்டகையில் பகுதிநேர வேலைக்குச் சேர்த்துவிட்டவரும் அவர்தான். என் வீட்டில் பள்ளிக்கூட வாசற்படி ஏறிய முதல் ஆள் நான். ஆகவே எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று உலகத்தில் இரண்டு பேர் நம்பினார்கள். ஒருவர் என் அப்பா. மற்றவர் நல்லதண்ணி அண்ணை.

ஒருநாள் பின்னேரம், கறிக்கு வெங்காயம் வெட்டிக்கொண்டே கேட்டார்.

"தம்பி, மால்ட்டா எண்டு ஒரு இடம் இருக்கோ?"

"ஓம் அண்ணை. மத்தியதரைக் கடலிலை ஒரு சின்னத் தீவு."

"லிபியாவிலையிருந்து அங்கை கப்பல் ஓடுதாமே?"

"ஓடும் போலை. ஏன் அண்ணை?"

"மனிசியைச் சந்திக்கப் போறன்."

அவருக்கு மனைவி இருப்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த அக்கா லிபியாவில், திரிப்போலியில், ஓர் ஆஸ்பத்திரியில் நேர்ஸ். கல்யாணம் முடிந்த கையோடு அக்காவுக்கு அந்த வேலை வந்தது. அக்காவின் தம்பிமாரைப் படிப்பிக்க அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. அவர் அந்தப் பக்கம் பறக்க, அண்ணை இந்தப் பக்கம் பறந்துவிட்டார். இப்போது ஆஸ்பத்திரியில் ஒப்பந்தம் முடிகிறது. புதுப்பித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நியூசிலாந்து விசாவும் கையில் இருக்கிறது. இரண்டில் எது என்று அக்கா இன்னும் சொல்லவில்லை. தொலைபேசியில் சொன்னதெல்லாம் இவ்வளவுதான்: "ஒரு கிழமை, ஏழு நாள், மால்ட்டாவுக்கு வாறன். நீங்களும் வாங்கோ. அங்கை வைச்சு முடிவு சொல்லுறன். கடற்கரையளை நீங்களே பாத்துத் தெரிவு செய்யுங்கோ."

"அவ ஏன் அண்ணை யோசிக்கிறா?" என்று கேட்டேன்.

வெங்காயக் கத்தியைக் கீழே வைத்தார்.

"கலியாணம் முடிஞ்ச கையோடை அவவைக் காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனனான். நல்லாக் குளிச்சம். கரைக்கு வந்து பாத்தா ஒரு சொட்டு நல்லதண்ணி இல்லை. இருந்த ஒரு கிணத்தையும் பூட்டிப்போட்டாங்கள். புதுச்சீலை, தலைமயிர் நிறைய மண், உடம்பெல்லாம் உப்பு. அப்பிடியே பஸ்ஸிலை நிண்டுகொண்டு வந்தவ. அதுக்குப் பிறகு என்னோடை ஒரு வசனம் கதைக்கேல்லை. கதைக்கத் தொடங்கினபோது பிளேனுக்கு நேரமாச்சு."

வெட்டிய வெங்காயத்தைச் சட்டியில் அள்ளிப் போட்டார்.

"இந்தமுறை பிழைக்கக்கூடாது தம்பி. நீ படிச்சனி. மத்தியதரைக் கடலிலை உப்பு எப்பிடி எண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லு."

நான் பல்கலைக்கழக நூலகத்துக்குப் போய் மிகுந்த சிரத்தையோடு பெரிய பெரிய புத்தகங்களைப் புரட்டினேன். வீட்டுக்கு வந்து, படித்தவனுக்குரிய நேர்மையோடு அறிவித்தேன்: "அண்ணை, மத்த கடலுகளை விட அங்கை உப்புக் கூட."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மறுநாளே ஒத்திகை தொடங்கியது. மால்ட்டாவை நேரில் பார்க்க வழியில்லை; ஆகவே ஆக்லாந்தின் கடற்கரைகளை வைத்து அளவுகோல் தயாரிப்பது என்று தீர்மானித்தார். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு கடற்கரை. உடுக்கச் சாரம், துடைக்கத் துவாய், ஒரு நீல வாளி, ஒரு செம்பு, வாழையிலை இல்லாத குறைக்குப் பேப்பரில் சுற்றிய புட்டு. கடலில் முழுகி எழுந்த கணத்திலிருந்து, நல்லதண்ணி தலையில் விழுகிற கணம் வரைக்கும் எவ்வளவு அரிக்கிறது என்பதுதான் பரீட்சை. அரிப்பைச் சொல்லவேண்டிய பொறுப்பு என்னுடையது.

"தம்பி, இப்ப கடிக்குதோ?"

"குளிருது அண்ணை."

"அதைக் கேக்கேல்லை. கடிக்குதோ?"

ஆடி மாதம் இந்த நாட்டில் நடுக்குளிர் காலம் என்பதை அவர் ஏற்றுக்கொள்ளவே இல்லை. மால்ட்டாவில் கோடை என்றால் இங்கேயும் கோடைதான் என்பது அவர் நிலைப்பாடு. டாக்கபூனாவில் நாய்களோடு உலாவ வந்த கிழவிகள் எங்களைப் பார்த்துத் தங்கள் கம்பளிக் கழுத்துப்பட்டியை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டார்கள். ஒரு நாய் மட்டும் எங்களோடு சேர்ந்து நடுங்கியது.

டாக்கபூனாவில் குழாய் உண்டு, பாஸ். பீஹாவில் மணல் கரிபோலக் கறுப்பு. "இதென்ன, கடற்கரையோ, அடுப்படியோ?" என்று காரைவிட்டு இறங்கவே மறுத்தார். மிஷன் பேயில் புல்தரை நடுவே பெரிய நீரூற்று. அதைக் கண்டதும் அண்ணையின் கண்கள் கலங்கிவிட்டன. "பார், வெள்ளைக்காரன் எண்டாலும் விளங்கியிருக்கிறான்" என்று சொல்லிக்கொண்டே, சாரத்தை மடித்துக் கட்டி, செம்போடு உள்ளே இறங்கிவிட்டார். கல்யாணக் கோலத்தில் படம் எடுக்க வந்த ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் வாயைப் பிளந்தார்கள். அவர்களுடைய அல்பத்தின் ஏதோ ஒரு பக்கத்தில், பெண்ணின் முக்காட்டுக்குப் பின்னால், தலையில் செம்பைக் கவிழ்த்தபடி ஒரு யாழ்ப்பாணத்தவர் இன்றைக்கும் நின்றுகொண்டிருப்பார்.

இதையெல்லாம் சிரிப்பாக எழுதுகிறேன். ஆனால் அந்த ஞாயிறுகள் எப்படிப்பட்டவை என்பதையும் சொல்லவேண்டும். ஊரில் கலவரம் நடந்து, கடிதம் வராமல் கிடந்த காலம். சனிக்கிழமைத் தபாலும் வராவிட்டால் ஞாயிறு முழுவதும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அண்ணை அறைக் கதவைத் தட்டுவார். "கடிதம் வந்ததோ" என்று ஒருநாளும் கேட்டதில்லை. "துவாய் எடுத்தனியோ?" என்பார். அவ்வளவுதான். பிறகு ஆறு மணித்தியாலம் எனக்குக் கவலைப்பட நேரம் இருக்காது. பல் கிடுகிடுக்கிற வேலையே போதும்.

ஒரு சனிக்கிழமை, பாலம் கடந்து, கிளென்ஃபீல்ட் மோலில் இருந்த ஒரு பயண முகவர் கடைக்குப் போனோம். மால்ட்டாவைப் பற்றிய வண்ணப் புத்தகங்களை அங்கே வேலை செய்த பெண் எடுத்து வைத்தாள். பளபளப்பான படங்கள். நீலக் கடல், மஞ்சள் மணல், துணிச் சிக்கனத்தோடு படுத்திருக்கிற பெண்கள். அண்ணை சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்தார்.

படத்தில் குழாய் தேடுகிறார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அண்ணை ஒவ்வொரு பக்கமாக, மூக்குப் படத்தில் உரச, அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே போனார். இடையிடையே பெருமூச்சுவிட்டு, "ஒண்டையும் காணேல்லை, எல்லாத்தையும் இந்தப் பிள்ளையள் மறைச்சுக்கொண்டு கிடக்குதுகள்" என்றார். நல்லவேளை, தமிழில்.

நான் அவசரமாக ஆங்கிலத்தில் விளக்கினேன்: இவருக்கு நல்ல தண்ணீர் உள்ள கடற்கரை வேண்டும். அவள் முகம் மலர்ந்தது. எல்லாக் கடற்கரையிலும் தண்ணீர் அற்புதம், கண்ணாடிபோல இருக்கும் என்றாள். அண்ணைக்கு அந்த அளவு ஆங்கிலம் புரிந்தது.

"கடலைச் சொல்லுறாள் தம்பி. உப்பைப் போய்ப் புகழுறாள்."

இந்த இடத்தில்தான் மதுரை வருகிறார். எங்கள் வீட்டின் மூன்றாவது அறைக்காரர். ஊர் மதுரை என்பதால் பெயரும் மதுரை. முன்பு கப்பலில் பரிமாறுகிற வேலை பார்த்தவர். மால்ட்டாத் துறைமுகத்தில் இறங்கிச் சுற்றியவர். இத்தனை நாளும் இந்த விஷயம் தெரியாமல், வீட்டுக்குள்ளேயே கடவுளை வைத்துக்கொண்டு கிளென்ஃபீல்ட் வரைக்கும் போயிருக்கிறோம். அண்ணையும் அவரும் இதைப் பற்றிப் பேசியபோது நான் வகுப்பில் இருந்தேன். பிற்பாடு மதுரை நடித்துக் காட்டியதை அப்படியே தருகிறேன்.

"மதுரை, அங்கை நல்லதண்ணி கிடைக்கிற கடற்கரை எது?"

"நல்ல தண்ணியாண்ணே?" மதுரை அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாராம். "அண்ணன் இவ்வளவு நாள் சொல்லவே இல்லையே. அதுக்குன்னே ஒரு பீச் இருக்கு. மணல் மேலயே கடை. காலைலேர்ந்து ராத்திரி வரைக்கும் தண்ணிதான்."

"காசோ?"

"பின்ன, சும்மாவா ஊத்துவான்?"

"பரவாயில்லை. கலப்படம் இல்லாம இருந்தாச் சரி. என்ரை மனிசிக்குத்தான் முக்கியமாத் தேவை."

"அண்ணியுமா?"

"அவவுக்குத்தான் நிறைய வேணும். நான் ஒரு வாளியோடை சமாளிச்சுப்போடுவன்."

"வாளியாண்ணே?"

"நீல வாளி. வீட்டிலையிருந்தே கொண்டு போறன். கடலாலை வந்த உடனை ஊத்தாட்டி அவவுக்கு அண்டைக்கு நித்திரை வராது."

மதுரை எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டாராம். கப்பலில் எத்தனையோ நாட்டுக் குடிகாரர்களைப் பார்த்தவர். சாமியார்போல விபூதியோடு நடமாடுகிற ஒருவர் குடும்பத்தோடு வாளியில் குடிப்பதை அவர் அன்றுதான் கேள்விப்பட்டார். அந்தக் கடற்கரையின் பெயரை எழுதிக்கொடுத்தார். அண்ணை அதை முதல்நாள் கடற்கரையாக வைத்துக்கொண்டார்.

பயண நாளன்று நாங்கள் இருவரும் அவரை விமான நிலையத்தில் இறக்கினோம். வேலை செய்கிற இடம்தான். ஆனால் கோட்டுப் போட்டு முன்வாசலால் போவது அவருக்கு அதுதான் முதல்தடவை. ஒரு கையில் வாளி. வாளிக்குள் செம்பு. "வரேக்கை ஒராளோ, ரெண்டு பேரோ தெரியாது. சோறு ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கூடப் போட்டுவை" என்று என்னிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார்.

திரும்பும் வழியில் காரை ஓட்டிக்கொண்டே மதுரை பெருமூச்சுவிட்டார்.

"மனுசன் பாத்தா பூனை மாதிரி இருக்காரு. வாளியிலயா குடிப்பாரு?"

"என்னது?"

"அந்த பீச்ல பார்காரன் கொடுத்துவெச்சவன். அண்ணி வேற வராங்க."

"மதுரை, அண்ணை பச்சைத்தண்ணியைத் தவிர வாயிலை ஒண்டும் வைக்கமாட்டார்."

"அப்ப நல்ல தண்ணின்னு கேட்டாரே?"

"உப்பில்லாத தண்ணி. தலையிலை வாக்கிறதுக்கு."

மதுரை காரை மெதுவாக்கினார். பிறகு, "எங்க ஊர்லயும் குடிதண்ணிய நல்ல தண்ணின்னுதான் சொல்லுவோம் தம்பி. ஆனா பீச்சுக்குப் போறேன், பொண்டாட்டியோட ஜாலியா இருக்கப் போறேன்னு ஒருத்தர் கேட்டா, எவன் குழாயடிய நெனப்பான்?" என்றார். இந்த விவாதத்தில் திரும்பவேண்டிய இடங்களையெல்லாம் தவறவிட்டு மனுரேவாவில் போய் நின்றோம். தலைக்கு மேலே ஒரு விமானம் போனது. அவருடையதாகத்தான் இருக்கவேண்டும்.

அந்தக் கிழமை எங்கள் வீடு சாவீடு மாதிரி இருந்தது. அண்ணன் அண்ணியோடு திரும்பி வரும்வரை தண்ணி தொடமாட்டேன் என்று மதுரை சத்தியம் செய்தார். எந்தத் தண்ணி என்று நான் கேட்டேன்.  கசூரினாவில் பூட்டிய கிணறு, மால்ட்டாவில் சாராயக் கடை. இரண்டாம் முறையும் அக்கா உப்போடு நிற்கப்போகிறார். அடுத்த கப்பலில் திரிப்போலிக்கே போய்விடுவார். நாங்கள் இருவரும் அதில் உறுதியாக இருந்தோம்.

அவர் திரும்புகிற நாள், சோற்றைக் கூடப் போட்டுவிட்டு விமான நிலையத்துக்குப் போனோம். கதவு திறந்து திறந்து மூடியது. யார் யாரோ வந்தார்கள். கடைசியில் அந்த நீல வாளி வந்தது.  பிறகுதான் கவனித்தேன், வாளியைப் பிடித்திருந்த கையில் வளையல்கள் இருந்தன. அண்ணை பின்னால், பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, வெயிலில் கறுத்து, வாய்கொள்ளாத சிரிப்போடு வந்தார்.

"இவர்தான் மதுரையோ?" என்பதுதான் இந்த மண்ணில் அக்கா பேசிய முதல் வசனம்.

மதுரை என் பின்னால் ஒளிந்துகொண்டார்.

சாப்பிடும்போது அக்காவே கதையைச் சொன்னார். "முதல்நாள் இவர் என்னைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு சாராயக் கடை வாசலுக்கு. குளிச்சிட்டு வந்தா, குழாயும் இல்லை, கிணறும் இல்லை. இவர் அந்தக் கடைக்காரனிட்டைப் போய், எக்ஸ்கியூஸ் மீ சேர், நல்லதண்ணி எங்கை எண்டு கேட்டார். அவன் இவரின்ரை வாளியைப் பாத்தான், என்னைப் பாத்தான், பின்னாலை அடுக்கியிருந்த போத்தல் எல்லாத்தையும் காட்டினான். இவர் ஒவ்வொண்டா மூக்கிலை வைச்சு மணந்து பாத்து, கடைசியிலை சோடாவைக் கண்டுபிடிச்சார்."

"சோடாவா?" என்றார் மதுரை.

"இருந்த சோடா முழுக்க வாளிக்கை ஊத்தினார். வாளி பாம்பு மாதிரிச் சீறுது. அதைக் கொண்டுவந்து என்ரை தலையிலை வாத்தார். காதுக்கை, மூக்குக்கை எல்லாம் பொரியுது. கடற்கரையிலை படுத்திருந்த சனம் எழும்பி நிண்டு கைதட்டினது. எனக்குச் சிரிப்பு நிக்கேல்லை. இவர் மட்டும் தேவாரம் படிக்கிற முகத்தோடை வாத்துக்கொண்டே நிக்கிறார். ஏனப்பா இந்தப் பாடு எண்டு கேட்டன். கசூரினாவிலை விட்ட பிழைக்கு எண்டார்."

அண்ணை சோற்றைக் குழைத்துக்கொண்டே இருந்தார்.

"எந்தப் பிழை எண்டு கேட்டன். உப்பாம். பஸ்ஸாம். கதைக்கேல்லையாம். எனக்கு உப்பு ஞாபகமே இல்லை தம்பி. இவரை விட்டிட்டுப் போகவேணுமே எண்ட கவலை. வாயைத் திறந்தா அழுதுபோடுவன் எண்டுதான் கதைக்காம இருந்தனான்."

"அதை அப்பவே சொல்லியிருந்தா, நான் இவ்வளவு தண்ணிக்கு அலைஞ்சிருக்க மாட்டன்" என்றார் அண்ணை, சோற்றுக் கோப்பையைப் பார்த்தபடி.

"சொல்லியிருந்தா நான் போயிருக்கமாட்டன். தம்பிமாரின்ரை படிப்பு என்னாகிறது?"

 மதுரை மூக்கை உறிஞ்சிவிட்டு, ரசம் காரம் என்றார். ரசம் வைத்தது அவர்தான்.

மறுநாளிலிருந்து கடற்கரைகளைத் தெரிவுசெய்யும் பொறுப்பை அக்கா எடுத்துக்கொண்டாராம். பஸ்ஸின் நெற்றியில் 'அய்ன் துஃபீஹா' என்று ஓர் ஊர்ப்பெயர். லிபியாவில் இருந்து பழகிய அரபி அங்கே உதவியது. அய்ன் என்றால் ஊற்று. "உங்களுக்கு நல்லதண்ணிதானே வேணும், வாங்கோ" என்று அக்கா ஏறினார். மிச்ச நாட்கள் முழுவதும் இருவரும் அந்த ஒரே கடற்கரைக்குத்தான் போயிருக்கிறார்கள்.

"பேரிலையே ஊற்று இருக்கு. அப்ப நல்லதண்ணி இருந்திருக்குமே அண்ணை?" என்று ஆவலோடு கேட்டேன்.

அண்ணை அக்காவைப் பார்த்தார். 

"தெரியேல்லை தம்பி. நான் திரும்பிப் பாக்கேல்லை."

அவர்கள் பிறகு கிளென்ஃபீல்டில் வீடு எடுத்துக்கொண்டு போனார்கள். மதுரை சத்தியத்தை முடித்துக்கொண்டார். எனக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. எல்லோரும் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதை முதலில் வாசித்துக் காட்டியது அண்ணையிடம்தான். "எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு, துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இப்போது வேலை நிமித்தம் நான் வேறு ஊரில். இங்கேயும் கடற்கரை உண்டு. போனதும் கடலுக்கு முதுகைக் காட்டி நிற்பேன். கூட வருகிற நண்பர்கள் என்ன தொலைந்துபோனது என்று கேட்பார்கள். கழிப்பறைச் சுவரோரம் அது சொட்டிக்கொண்டிருப்பதைக் கண்டதும், "குழாய் இருக்கு அண்ணை" என்று எனக்குள் மெல்லச் சொல்லிவிட்டுத்தான் காலை நனைக்கிறேன்.